எந்த மொடல்?
றிமோட் டாங்கிகளும் பாதியில் நிற்கும் துல்லியமும்

கட்டுரையைச் சம்பவத்தில் தொடங்கக்கூடாது என்று ஒரு நண்பர் அடிக்கடி சொல்லுவார். கோட்பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் சம்பவத்துக்கு வரவேண்டுமாம். இந்த விடயத்தில் எனக்கு அது ஏலாமல் போய்விட்டது. மன்னிக்கட்டும்.

ஜேர்மனியில் நான் வேலைசெய்த இரும்புப் பட்டறையில் ஒரு கடைசல்காரர் இருந்தார். நாற்பது வருடம் லேத் மெசினுக்கு முன்னால் நின்றவர். ஓய்வுபெற்ற பிறகும் எங்களோடு தொடர்பை விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய கழகத்தின் கண்காட்சிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். என்ன கழகம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. மண்ணைக் குவித்து மேடும் பள்ளமும் செய்து, இடிந்த வீடு ஒன்றையும் கட்டிவைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டாம் உலகப்போர் டாங்கிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. 16இல் ஒன்று அளவில் இருபதுக்குக் கிட்ட. 6இல் ஒன்று அளவில் நாலைந்து. சுற்றிவர றிமோட் பெட்டிகளோடு அறுபது தாண்டிய ஆம்பிளைகள். மனைவிமார் கோப்பி, கேக் விற்கும் மேசையில் நின்றார்கள்.

அவருடையது 6இல் ஒன்று அளவிலான ரைகர். குழலையும் சேர்த்து 1 மீற்றர் 40 சென்ரிமீற்றர் நீளம். அதை ஸ்டார்ட் பண்ணினார். உள்ளேயிருந்த ஒலிபெருக்கியில் எஞ்சின் உறுமியது. அது பரவாயில்லை, அது பதிவுசெய்த சத்தம் என்று காதுக்கே தெரிந்தது. ஆனால் செயின் உண்மையான உலோகம். கல்லில் ஏறும்போது வந்த அந்தக் கறகறப்பு எந்த ஒலிபெருக்கியிலிருந்தும் வரவில்லை, இரும்பு கல்லில் உரசியே வந்தது. எனக்கு முழங்கால் ஒருமுறை தளர்ந்துவிட்டது. அவர் கவனித்துவிட்டார். என்ன என்று கேட்டார்.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறன். உண்மையான டாங்கி. எங்கட ஊரில" என்றேன்.

மனிதருடைய முகம் மலர்ந்துபோனது. உடனே கேட்டார்: "எந்த மொடல்?"

எனக்குத் தெரியவில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில், வீட்டுக்குப் பின்னால் வெட்டிய பதுங்குகுழிக்குள் இருந்து கேட்ட சத்தம் அது. குழிக்குள் இருக்கிறவனுக்கு மொடல் எப்படித் தெரியும்? இந்திய இராணுவம் அப்போது கொண்டுவந்தது ரி-72 என்று எத்தனையோ வருடம் கழித்துப் புத்தகங்களில்தான் படித்தேன். அன்றைக்கே தெரிந்திருந்தால் ஒரு நல்ல மனிதரைச் சந்தோஷப்படுத்தியிருப்பேன்.

அவரைக் கேலிசெய்ய இதை எழுதவில்லை. அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு துறையில் ஊறினவர் இன்னொருவரிடம் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி எப்படிச் சாத்தியமாகியது, அதற்கு முன்னால் கேட்டிருக்கக்கூடிய பத்துக் கேள்விகளும் எங்கே போயின என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்களிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. சகடை, சியாமாசெட்டி, பொம்மர், பிறகு 1996இலிருந்து கிபீர். தரையில் பவள். இத்தாலியின் சியாய் மார்க்கெட்டி விமானம் யாழ்ப்பாணத்து வாயில் சியாமாசெட்டி ஆகியது. தென்னாபிரிக்காவின் பஃபல் கவசவண்டி பவள் ஆகியது. ஆறு வயதுப் பிள்ளை சத்தத்தை மட்டும் வைத்து எது வருகிறது, குண்டு போடுமா சும்மா சுத்திப்போட்டுப் போகுமா, ஓடுவதற்கு எவ்வளவு நேரம் கிடக்கு என்று சொல்லும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் பனங்குரும்பை வண்டிலுக்குப் பவள் என்று பேர் வைத்து இழுத்துக்கொண்டு திரிந்தான். அதுவும் மொடல்தான். என்ன அளவு என்று அவனை யாரும் கேட்கவில்லை.

ஆக, ஒரே இயந்திரத்தைப் பற்றி இரண்டு அறிவு இருக்கிறது. ஒன்று அதன் குழலுக்கு முன்னால் நிற்கிறவனுடையது. மற்றது அதைச் சுற்றிவந்து அளக்கக்கூடியவனுடையது. முதலாவது அறிவு காதிலும் காலிலும் தங்குகிறது, புத்தகமாவதில்லை. இரண்டாவது அறிவுக்கு நூலகங்களே இருக்கின்றன. றிமோட் டாங்கிக்காரரின் உலகம் இந்த இரண்டாவது அறிவின் உச்சம்.

*

அந்த உச்சத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கவேண்டும். தெரியாமல் திட்டுவது எங்கள் வட்டாரத்தில் வழமையாகிவிட்டது.

யப்பானில் ஷிஸுவோகா நகரத்தில் தமியா என்று ஒரு கம்பனி. 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்ரிக்குக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் மோட்டர் வைத்த பந்தர் டாங்கி ஒன்றை வெளியிட்டது. அதன் அளவு 35இல் ஒன்று. இன்றைக்கு உலகம் முழுக்க மேசையில் வைக்கும் டாங்கி மாதிரிகளுக்கு அந்த அளவுதான் நியமம். அந்த அளவு எப்படி வந்தது? உள்ளே இரண்டு பற்றரி வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்கு உடலைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது கிட்டத்தட்ட 35இல் ஒன்று என்று வந்தது. கம்பனிக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய ஷுன்சாக்கு தமியாவே இதைத் தன் நினைவுக்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். துல்லியத்தின் வேதமாக வழங்குகிற ஒரு எண்ணின் பிறப்பிடம் பற்றரிப் பெட்டி. எனக்கு இந்தத் தகவலில் ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

1970களின் நடுவில் அதே கம்பனி 16இல் ஒன்று அளவில் றேடியோவால் ஓட்டக்கூடிய ஷேர்மனைக் கொண்டுவந்தது. பிறகு சீனாவின் ஹெங் லொங் போன்ற கம்பனிகள் அதே அளவில் மலிவாகச் செய்யத் தொடங்கின. ஆனால் என் நண்பரைப் போன்றவர்களுக்கு இது காணாது. அவர்கள் 6இல் ஒன்றுக்குப் போகிறார்கள். 1964இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஜி.ஐ. ஜோ பொம்மையின் அளவும் ஏறத்தாழ அதுதான். அலுமினியம், எஃகு, உண்மையான போல்ற், உண்மையான முறுக்குத்தண்டு. நூறு கிலோவைத் தாண்டும் மாதிரிகள் உண்டு. வானில் ஏற்றச் சரிவுப் பலகை வேண்டும். விலை ஆயிரக்கணக்கான யூரோ. முடிக்க வருடங்கள் எடுக்கும், முடிக்காமலே செத்துப்போனவர்களும் இருக்கிறார்களாம். (இந்த ஆசை 1க்கு 1 என்ற அளவு வரைக்கும் போகக்கூடியது. 2015இல் வட ஜேர்மனியில் ஒரு முதியவரின் வீட்டு நிலவறையிலிருந்து அசல் பந்தர் டாங்கியை இராணுவம் இழுத்தெடுத்தது. 1978 பனிக்காலத்தில் அவர் அதை வெளியே ஓட்டியதை ஊர்க்காரர் நினைவு வைத்திருந்தார்கள்.)

அளவு பெருக்கப் பெருக்க ஒரு சங்கடம் வருகிறது. அதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். ரைகரின் எடை 57 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஆறால் குறைத்தால் எடை 216இல் ஒன்றாகும், அதாவது 264 கிலோ. அசலின் முன்பக்கக் கவசத் தகடு 100 மில்லிமீற்றர் தடிப்பு. நேர்மையாகச் சிறுப்பித்தால் மாதிரியில் 17 மில்லிமீற்றர் எஃகு வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை. மெல்லிய தகட்டில் செய்து ஓரத்தில் மட்டும் தடிப்புக் காட்டுகிறார்கள். முறுக்குத்தண்டையும் அதே எஃகில் ஆறில் ஒன்றாகச் செய்தால் அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருக்கும், சக்கரம் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது. அதனால் அதையும் மாற்றவேண்டும். புவியீர்ப்பை ஆறால் வகுக்க முடியாது. "வெளியில உண்மையாய்த் தெரியவேணும் எண்டால் உள்ளுக்குப் பொய் சொல்லத்தான் வேணும்" என்றார். லேத் மெசின்காரர் சொன்ன இந்த வசனத்துக்கு ஈடாகப் பிரதிநிதித்துவம் பற்றி நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் எத்தனை தேறும் என்று தெரியவில்லை.

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளியான நூலில் சிறுப்பிக்கப்பட்ட உருவைப் பற்றிப் பேசுகிறார். பெரிய பொருளை அறிய நாம் பகுதி பகுதியாகப் போகிறோம். சிறிய மாதிரியில் முழுமை முதலில் பிடிபடுகிறது, பகுதிகள் பிறகு. பொருளின் மீது எங்களுக்கு ஒரு அதிகாரம் வந்துவிட்டதுபோலத் தோன்றுகிறது. பயமும் குறைகிறது. டாங்கிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். முன்னால் நிற்கிறவனால் ஒருபோதும் முழுமையாகப் பார்க்க முடியாத பொருள் டாங்கி. வேலிக்கு மேலால் ஒரு குழல், மதிலுக்குப் பின்னால் ஒரு புகை, ஒரு சத்தம், அவ்வளவுதான். மாதிரி அதை மேலே இருந்து, சுற்றிவர, முழுதாகத் தருகிறது. அப்படி முழுதாகத் தருகிறபோது அந்தப் பார்வைக்குரிய இடத்தையும் சேர்த்துத் தருகிறது. நீ இனி முன்னால் இல்லை. மேலே நிற்கிறாய். கையில் றிமோட்.

ரோலான் பார்த் 1957இல் பிரெஞ்சு விளையாட்டுச் சாமான்களைத் திட்டி எழுதினார். அவை குழந்தையைப் படைப்பவனாக்காமல் பாவிக்கிறவனாக ஆக்குகின்றன, பெரியவர்களின் உலகத்தை, இராணுவம் உட்பட, அப்படியே சின்னதாக்கிக் கையில் கொடுத்துவிடுகின்றன என்பது அவருடைய முறைப்பாடு. எங்கள் நண்பர்கள் இதை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். ஆனால் இந்தப் புல்வெளியில் அது தலைகீழாகக் கிடக்கிறது. இங்கே பிள்ளைகள் இல்லை, கிழவர்கள். பாவிக்கிறவர்கள் இல்லை, செய்கிறவர்கள். பிளாஸ்ரிக் கூட இல்லை.

செய்கிறவர்கள் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். அவர் நாற்பது வருடம் தண்டுகளையும் வளையங்களையும் கடைந்தார். அவை எந்த இயந்திரத்துக்குள் போயின என்று பல வேளைகளில் அவருக்கே தெரியாது. வரைபடத்தில் ஒரு இலக்கம், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக ஒரு பொருளை அடியிலிருந்து நுனிவரை தானே செய்கிறார், தன் நேரத்தில், தன் அளவில், யாரும் பின்னால் நின்று நிமிசம் எண்ணாமல். அந்நியமாதல் என்று நாங்கள் கருத்தரங்கில் உச்சரிக்கிற சொல்லுக்கு எதிரான ஒரு நாளாந்தத்தை இவர் தன் கராஜுக்குள் உண்டாக்கி வைத்திருக்கிறார். ஒரு தொழிலாளி கடைசியில் தன் கைத்திறனைத் திரும்பப் பெறுகிறார், பெற்று என்ன செய்கிறார்? ரைகர். இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இதைக் கேலியாலோ கண்டனத்தாலோ தாண்டிப் போய்விட ஏலாது.

*

இனி சிமரிற் என்ற ஒரு பசையைப் பற்றி.

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க 1943 பிற்பகுதியிலிருந்து 1944 செப்ரெம்பர் வரை ஜேர்மன் டாங்கிகளின் மேல் தொழிற்சாலையில் ஒரு பசையைப் பூசினார்கள். பூசிய ஈரத்தில் கரண்டியால் வரி வரியாகக் கீறுவார்கள். பழைய படங்களில் டாங்கியின் தோல் சுருக்கம் விழுந்ததுபோலத் தெரிவது அதுதான். மொடல்காரர்களுக்கு இது ஒரு பரீட்சை. மெசினில் போட்ட மாதிரி ஒரே சீராக வரி போட்டால் சிரிப்பார்கள். கையால் பூசியது என்று தெரியவேண்டும். ஒரு இடத்தில் அழுத்தம் கூட, ஒரு இடத்தில் குறைய, மூலையில் கரண்டி திரும்பிய தடம், கை களைத்துச் சரிந்த வரி. என் நண்பர் 1944இன் ஒரு படத்தைப் பெருப்பித்துச் சுவரில் ஒட்டிவைத்து, அதில் உள்ள பிழைகளை ஒவ்வொன்றாகத் தன் மாதிரியில் போட்டிருந்தார். பிழையைக்கூடத் துல்லியமாகப் போடுவது.

நான் கேட்டேன்: "இது ஆருடைய கை?"

ரைகரைச் செய்தது காஸல் நகரத்து ஹென்ஷல் தொழிற்சாலை. 1942 ஓகஸ்டிலிருந்து 1944 ஓகஸ்ட் வரை ஏறத்தாழ 1,350. அந்தத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டவர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். சோவியத், போலந்து, பிரான்ஸ், ஒல்லாந்து என்று பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள். இது யாரும் மறைத்த செய்தி இல்லை, காஸல்காரர்களே ஆராய்ந்து எழுதிய செய்தி. இதைவிட வெளிப்படையான இடம் ஒஸ்திரியாவின் சங்க்ற் வலன்ரீன். அங்கே நீபெலுங்கன் தொழிற்சாலை. ஜக்ட்ரைகர் என்ற எழுபது தொன் பூதத்தைச் செய்த இடம். 1944 ஓகஸ்டில் மவுத்ஹவுசன் வதைமுகாமின் கிளைமுகாம் ஒன்று அங்கே திறக்கப்பட்டு, கைதிகள் டாங்கி உற்பத்தியில் இறக்கப்பட்டார்கள். ஜக்ட்ரைகர் மாதிரியைச் செய்கிறவர் அதன் சக்கரம் எத்தனை வகை, எந்த வரிசை எண்ணில் மாறியது என்று சொல்லுவார். அந்த மாற்றம் நடந்த மாதத்தில் பட்டறைக்குள் யார் நின்றார்கள் என்பதும் அதே ஆவணக்காப்பகங்களில்தான் இருக்கிறது. ஒரு அலுமாரி தள்ளி.

என் முறைப்பாடு இதுதான். இவர்கள் துல்லியத்தின் மேல் பைத்தியமாக இருப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. அந்தத் துல்லியம் ஓரிடத்தில் வந்ததும் பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. கரண்டியின் தடம் வரைக்கும் வருகிறது, கரண்டி பிடித்த மணிக்கட்டுக்கு முன்னால் நிற்கிறது. குழலின் உள்விட்டம் 88 மில்லிமீற்றர் என்பது வரைக்கும் வருகிறது, குழலுக்கு வெளியே போவதில்லை.

புல்வெளியில் சண்டையும் நடந்தது. 16இல் ஒன்று டாங்கிகள் அகச்சிவப்புக் கதிரால் ஒன்றையொன்று சுடும். சுட்டவுடன் குழல் பின்வாங்கும், முழு உடலும் ஒரு குலுங்கு குலுங்கும். கன டாங்கி கூடுதலான அடி தாங்கும், ஆனால் அடுத்த வேட்டுக்கு எடுக்கும் நேரம் கூட. இதெல்லாம் உண்மைக்குக் கிட்டக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு. போதிய அடி விழுந்தால் டாங்கி செத்துப்போகும். சில வினாடிகள் அப்படியே கிடக்கும். பிறகு எஞ்சின் சத்தம் போட்டு உயிர்த்தெழும். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன், பொய் சொல்லக்கூடாது.

கோபுரத்து மூடியில் தளபதி. காதில் ஒலிக்கருவி, கழுத்தில் தொலைநோக்கி. கிட்டப்போய்ப் பார்த்தேன். பல டாங்கிகளில் அந்த ஆள் இடுப்போடு முடிகிறார், கீழே இல்லை. வெளியே தெரிகிற பாதி மட்டும் செய்தால் போதும் என்பதால் அப்படியே விற்கிறார்கள். ரைகருக்குள் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் இருக்கவேண்டிய இடத்தில் பற்றரி, ஒலிப்பலகை, மோட்டர். ஒலிப்பலகையில் எஞ்சின் ஸ்டார்ட், கோபுரம் திரும்பும் சத்தம், இயந்திரத் துப்பாக்கி, பெரிய வெடி, சிலவற்றில் ஜேர்மன் கட்டளைக் குரலும். கட்டளை உண்டு. அலறல் கிடையாது. உள்ளே எரிகிறவனுடையதும் இல்லை, வெளியே நசிகிறவனுடையதும் இல்லை. 1944 ஓகஸ்டில் வார்சோ எழுச்சியின்போது ஜேர்மன் டாங்கிகளுக்கு முன்னால் போலந்துப் பொதுமக்களைக் கேடயமாக நடக்கவிட்டார்கள். அந்தக் காட்சிக்கு வேண்டிய வீதி, இடிந்த வீடு, டாங்கி எல்லாம் புல்வெளியில் ஆயத்தமாக இருந்தன. நடக்கிற ஆட்கள் மட்டும் எந்தக் கடையிலும் அந்த அளவில் கிடைக்காது.

*

இந்த இடத்தில் ஒரு தோழர் எழும்பி "பாசிச ரசனை" என்று சொல்லுவார். சூசன் சொன்ராக் 1975இல் எழுதியதை மேற்கோள் காட்டுவார். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். சொன்ராக் பேசியது சீருடையின் கவர்ச்சியைப் பற்றி, அழகும் காமமும் வன்முறையும் கலக்கிற ஒரு நாடகத்தைப் பற்றி. இந்தப் புல்வெளியில் அந்த நாடகம் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த மேலங்கி, சொசேஜ், மழை வருமா என்ற கவலை. இங்கே நடப்பது கவர்ச்சியைவிடச் சாதாரணமான ஒன்று. ஒரு பொருளை அதன் வேலையிலிருந்து பிரித்தெடுத்து வெறும் பொறியியலாக ஆக்குவது.

சட்டமும் இதற்கு ஒத்தாசை. ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவு நாஜி அடையாளங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடைசெய்கிறது. அதனால் விமான மாதிரிகளின் வாலுக்குரிய சுவஸ்திகா ஒட்டிகள் அங்கே பெட்டியில் வருவதில்லை, அல்லது இரண்டு துண்டாக வெட்டி வரும். ஆனால் டாங்கியின் பக்கத்தில் இருந்தது வெள்ளை விளிம்பு போட்ட கறுப்புச் சிலுவை. அதற்குத் தடை இல்லை. அப்பழுக்கில்லாத இயந்திரமாக டாங்கி புல்வெளிக்கு வந்துவிடுகிறது. "குற்றம் செய்தது நாஜிகள், இராணுவம் சும்மா சண்டைதான் பிடிச்சது" என்ற போருக்குப் பிந்திய கதையாடலுக்கு இதைவிட வசதியான வாகனம் கிடைக்காது.

அந்தக் கதையாடல் அடிவாங்கிய வருடம் 1995. ஹம்பேர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஜேர்மன் இராணுவத்தின் குற்றங்கள் பற்றிய கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பெரிய கொந்தளிப்பு. 1999இல் அது நிறுத்தப்பட்டது, ஏனென்றால் சில படங்களின் கீழே எழுதிய விபரம் பிழை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டினார்கள். ஆணைக்குழு ஒன்று பார்த்து, கண்காட்சியின் அடிப்படைக் கூற்று சரி, சில படங்கள்தான் பிழை என்றது. 2001இல் திருத்திய கண்காட்சி வந்தது. ஆனால் "பார், படமே பிழை" என்று சொன்னவர்கள் அந்த ஒற்றை வசனத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். துல்லியம் ஒரு பக்கத்தைத் திறக்கவும் உதவும், மூடவும் உதவும். இந்தப் பாடம் எங்கள் ஆட்களுக்கும் தேவை. இறந்தவர்களின் எண்ணிக்கையில் ஒரு பிழை பிடித்து முழுச் சாட்சியத்தையும் தூக்கியெறிந்த விவாதங்களை நாங்கள் எத்தனை பார்த்துவிட்டோம்!

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. அன்றைய களத்தில் பாதிக்கு மேல் ஜேர்மன் டாங்கிகள், அதிலும் ரைகர் குடும்பம்தான் கூட. ரி-34 ஒன்றே ஒன்று. அசல் போரில் நிலைமை வேறு. 1,350 ரைகருக்கு எதிரே ஷேர்மன் ஏறத்தாழ 49,000, போர்க்காலத்து ரி-34 ஐம்பதாயிரத்துக்கும் மேல். புல்வெளியில் தோற்றவன் பெரும்பான்மையாகிவிடுகிறான். ஏன் ரைகர் என்று கேட்டால் "வடிவு" என்பார்கள். ரி-34இன் ஒட்டுவேலை கரடுமுரடு என்பார்கள். அந்த ரி-34களில் பல உரால் மலைக்கு அந்தப்பக்கம் செல்யாபின்ஸ்கில், பெண்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் நின்று செய்தவை. அங்கே கையின் அவசரம் தெரிந்தால் அது தரக்குறைவு. இங்கே சிமரிற்றில் கையின் தடம் தெரிந்தால் அது அழகு. இந்தத் தீர்ப்பு உலோகத்திலிருந்து வரவில்லை. விற்மன் போன்ற எஸ்.எஸ். டாங்கித் தளபதிகளை வீரர்களாக்கி அன்றைய நாஜிப் பிரச்சாரம் செய்த படங்கள், போருக்குப் பிறகு தளபதிகள் எழுதிய நினைவுநூல்கள், அவற்றிலிருந்து பெட்டி அட்டைச் சித்திரங்கள் என்று ஒரு நீண்ட வழியால் வந்து சேர்ந்தது. 1944 ஓகஸ்ட் 8இல் விற்மன் செத்தது 007 என்ற இலக்கமிட்ட ரைகரில். அந்த இலக்கத்தின் ஒட்டி இன்றும் விற்பனைக்கு உண்டு.

(ரைகர் என்பதைத் தமிழாக்காமல் ஏன் விட்டிருக்கிறேன் என்று வாசகர் கேட்கக்கூடும். தமிழாக்கினால் கட்டுரை வேறு இடத்துக்குப் போய்விடும். அதையும் ஒருநாள் யாராவது எழுதத்தான் வேண்டும். எங்களிடமும் ஆயுதங்களின் இலக்கமும் பெயரும் பாடமாகத் தெரிந்த ஒரு தலைமுறை இருந்தது.)

*

"இது ஆருடைய கை?" என்று நான் கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை இன்னும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு, "கரண்டியின்ர அகலம் எனக்குத் தெரியும். பிடிச்ச ஆளைத் தெரியாது. படத்தில அது இல்லை" என்றார். காஸலையும் சங்க்ற் வலன்ரீனையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குறித்துக்கொண்டார். அவர் எதையும் குறித்துக்கொள்கிற மனிதர். போகும்போது சரிவுப் பலகையில் டாங்கியை வானுக்குள் ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டது, நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.

இரண்டு கிழமை கழித்து ரெலிபோன் எடுத்தார். கைதிகளைப் பற்றிக் கதைக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். நான் கேட்ட சத்தத்தைப் பற்றிக் கதைத்தார். அது ரி-72 என்றால் தன்னுடைய ரைகரைப் போலக் கறகறத்திருக்க முடியாதாம். ரைகரின் செயினில் ஊசிகள் வெறும் இரும்பில் உரசும். ரி-72இன் செயினில் ஊசியைச் சுற்றி ரப்பர் உறை இருக்கும், சத்தம் வேறு மாதிரி. "நீ கேட்டது வேற மொடலாய் இருக்கவேணும். இல்லாட்டி உனக்கு ஞாபகம் மாறியிருக்கு." மனிதர் எனக்காக மினக்கெட்டுத் தேடியிருக்கிறார் என்பது விளங்கியது. நன்றி சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அன்றிரவு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்து அந்த ஒக்டோபரைப் பற்றிக் கேட்டேன். என்ன சத்தம், கறகற எண்டு கேட்டதா, வேற மாதிரிக் கேட்டதா?

"சத்தமோ?" என்றார் அம்மா. "நீ கத்திப்போடுவாய் எண்டு உன்ர வாயை நான் பொத்திக்கொண்டு இருந்தனான். என்ர கையைக் கடிச்சுப்போட்டாய். அதுதான் ஞாபகம்."